கம்பி சிக்கிய கூடு

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. துபாயில் நான் பார்த்த வேலைக்கு என்னைப் போன்ற ஆளை வைத்திருக்கவே கூடாது.

பாலைவனத்தில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப். உறுப்பினர்கள் ரைஃபிளில் சுட்டுத் தள்ளிய பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, நல்லதைப் பிரித்து, மறுபடியும் வெடிமருந்து நிரப்பித் தோட்டாவாக்குவது என் வேலை. பலமுறை சுட்ட கூடு அடிப்பக்கம் உள்ளுக்குள் மெலிந்துபோகும். வெளியே அந்த இடத்தில் சுற்றிலும் ஒரு வெளிறிய கோடு விழும். சந்தேகம் வந்தால் நுனி வளைந்த கம்பியை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். மெலிந்த இடத்துப் பள்ளத்தில் கம்பி சிக்கினால் கூட்டைப் பிளையரால் நசுக்கிக் குப்பையில் போட வேண்டும். இல்லாவிட்டால் சுடும்போது அது கிழிந்து, நெருப்பும் பித்தளைத் துணுக்கும் சுடுகிறவர் முகத்துக்கே வரும்.

நான் நிரப்பியதை முதலில் சுட்டுப் பார்க்கிறவர் ஒரு ராமநாதபுரத்துக்காரர். ஜெபல் அலி லேபர் கேம்ப்பில் எங்களுக்கு ஒரே ரூம். என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு வாரம் கூடு கழுவுகிற மெஷின் படுத்துவிட்டது. மேனேஜரோ "யல்லா, ஜல்தி" என்று அவசரப்படுத்தி உயிரை எடுத்தார். கூடுகள் கறுத்துக் கிடந்தன. பித்தளையைத் துலக்க நமக்குத் தெரிந்தது ஒன்றுதானே? கிச்சனில் இருந்த அண்ணனின் புளியை மொத்தமாக எடுத்துப் போய்க் கரைத்து, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி தேய்த்தேன். எல்லாம் தகதகவென்று மின்னின. கூடவே அந்தக் கோடுகளும் காணாமல் போயின. என் மரமண்டைக்கு அது அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் காலை கிச்சனில் அண்ணன் காலி டப்பாவோடு நின்றார்.

"ஊர்லருந்து வந்த புளிடா அது! யாரக் கேட்டுடா எடுத்த?"

பத்துப் பேர் முன்னால் பளாரென்று அறைந்தார். நான் தோசைக்கல்லைத் தூக்கி அவர் தோளில் போட்டேன். அவர் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். நாலு பேர் சேர்ந்து பிரித்துவிட்டார்கள். அதன்பிறகு ஒரே பஸ்ஸில்தான் டியூட்டிக்குப் போனோம்.

கோடு தெரியாததால் ஒவ்வொரு கூட்டிலும் கம்பி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் சிக்கியது. மறுபடி விட்டேன். மறுபடியும் சிக்கியது. பிளையரைக் கையில் எடுத்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே அண்ணன் ஒரு மலையாளியிடம் காலையில் நடந்ததை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கையை வீசி அறைகிற மாதிரி காட்டினார். அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிளையரைக் கீழே வைத்தேன். சுடட்டும், நல்லா வாங்கட்டும் என்று நினைத்தேன். அந்தக் கூட்டையும் நிரப்பிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன்.

அவர் சுட ஆரம்பித்தார். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியிலேயே ஏற்றிவிட்டிருந்தார். அதையும் பார்த்தேன். "அண்ணே, நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். கத்தவில்லை. பத்தோ பதினொன்றோ சுட்டிருப்பார், சத்தம் வேறு மாதிரி கேட்டது. ரைஃபிளைப் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அலறினார். விரலிடுக்கில் ரத்தம் கொட்டியது. ஓடிப்போய் முதலில் பிடித்தவன் நான்தான். அவர் என் சட்டையைத்தான் பிடித்துக்கொண்டார்.

வலது கண் போய்விட்டது. நாலாம் நாள்தான் ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விட்டார்கள். தலையில் பாதிக்குக் கட்டு.

"கம்பி விட்டுப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேண்ணே."

"சிக்குச்சா?"

இல்லை என்று சொன்னால் விஷயம் அதோடு முடிந்தது. கோட்டை மறைத்த புளியின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

"சிக்குச்சுண்ணே. கோவத்துல வச்சுட்டேன்."

எழுந்து உட்கார்ந்து, முழு பலத்தோடு கையை வீசினார். நான் அசையவே இல்லை. வாங்கிக்கொள்ளத்தான் நின்றேன். அடி என் மேல் படவில்லை. ஒற்றைக் கண்ணால் என் கன்னம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.