கராம்பு மணத்ததால் குடிகாரனான நிஸாம்

மாலை ஐந்தரை மணி என்றால் எனக்கு இன்றைக்கும் வாய் நாற்றம்தான் ஞாபகத்துக்கு வரும். மாசிச் சம்பல் வாய், பீடி வாய், காலையிலிருந்து பல் விளக்காத வாய்… ஹொஸ்டல் கேட்டில் வரிசையாக வந்து, என் மூக்குக்கு நேரே "ஹா" என்று ஊதிவிட்டுப் போவார்கள்.

அறுபதுகளின் கடைசி. மாத்தளை டவுனை ஒட்டிய ஒரு கல்லூரி. பேர் வேண்டாம். ஏ.எல். உயர்தர வகுப்புப் பையன்கள் ஹொஸ்டலில் தங்கிப் படித்தோம். ஒருநாள் பாத்ரூமுக்குப் பின்னால் வெறும் சாராயப் போத்தல் ஒன்று கிடந்தது. வார்டன் வீட்டு வேலியும் அங்கேதான் இருந்தது… அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மறுநாளே கல்லூரியில் மதுவிலக்கு இயக்கம் தொடங்கிவிட்டது. டவுனுக்குப் போய்த் திரும்புகிற ஒவ்வொருவனும் கேட்டில் ஊதவேண்டும். மோந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

வார்டன் என்னைக் கூப்பிட்டார்.

"நீ லயத்துப் பையன்தானே? சாராய வாசம் ஒனக்குத் தெரியாம வேற யாருக்குடா தெரியும்?"

தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்தான் நான். ஆனால் என் அப்பாவுக்கு வெற்றிலையைத் தவிர எந்தப் பழக்கமும் கிடையாது. சாராயம் எப்படி மணக்கும் என்றே எனக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு ஹொஸ்டலில் இடம் இலவசம். தலையாட்டிவிட்டேன். மறுநாள் டவுன் தவறணை வாசலில் கால் மணி நேரம் நின்று, உள்ளே குடித்துவிட்டு வெளியே வருகிறவர்களை மோந்து பாடம் படித்துக்கொண்டேன். மதுவிலக்குக்காகத் தவறணைக்கு டியூஷன் போனவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

இரண்டு வாரத்தில் பையன்கள் வழி கண்டுபிடித்தார்கள். குடித்தால் நாலு கராம்பை மென்றுவிட்டு வருவது. ஒருவன் சட்டைப்பையிலிருந்து கராம்பு கொட்டி மாட்டிக்கொண்டான். வார்டன் உடனே நோட்டீஸ் போர்டில் எழுதினார்: 'கராம்பு மணத்தால் குடித்ததற்குச் சமம்.'

மாத்தளையில்! வீட்டுக்கு வீடு முற்றத்தில் பாயை விரித்துக் கராம்பு காயப்போடுகிற ஊரில்!

அந்தப் புது ரூலில் முதலில் மாட்டியவன் நிஸாம். என் பக்கத்துக் கட்டில்காரன். வீடு பலாபத்வலயில், வாப்பா கராம்பு வியாபாரி. அவர்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் மூட்டை, கட்டிலுக்கு மேலும் மூட்டை. பூச்சி வராமல் இருக்க உம்மா அவன் டிரங்குப் பெட்டியிலும் கைப்பிடி கராம்பு போட்டுவிடுவார். சும்மா கொட்டாவி விட்டாலும் மணக்கும். அந்தத் திங்கட்கிழமை அவன் ஊதியபோது வார்டன் என் தோளோடு ஒட்டி நின்றார். அவருக்கே மணத்துவிட்டது.

நான் நோட்டில் எழுதினேன். 'நிஸாம் – கராம்பு.'

"மச்சான், முப்பது நோன்பும் புடிக்கிற என்னையாடா எழுதின?"

"ரூல்டா…"

"அப்ப எங்க வீட்டுப் பூனையையும் எழுது. அதுவும் குடிகாரப் பூனைதான்."

சிரிப்பு ராத்திரிக்குள் போய்விட்டது. சனிக்கிழமை மதுவிலக்கு விழா. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அவன் பேரை வாசித்து, வாப்பாவோடு வீட்டுக்கு அனுப்புவதாக முடிவு.

"சாராயம்ங்கிற பேச்சு வாப்பா காதுல விழுந்தாப் போதும்டா. அன்னைக்கோட படிப்பு முடிஞ்சிச்சு. தராசு முன்னால ஒக்கார வெச்சிருவாரு."

வார்டனிடம் போய்க் கெஞ்சினேன். "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார்.

விழாவுக்குப் பிரதம அதிதி யார் தெரியுமா? நாலைந்து தவறணைகளைக் குத்தகைக்கு எடுத்திருந்த முதலாளி. எங்கள் தோட்டத்து அடிவாரத் தவறணையும் அவருடையதுதான். கல்லூரி மண்டபத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவரும் அவரே. சம்பள நாளில் எங்கள் லயத்து ஆம்பிளைகள் குடித்துத் தீர்த்ததுதான் அந்தக் கூரை. அதன் நிழலில் அவர் எங்களுக்கு, குடிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்து வைக்கப்போகிறார்.

சனிக்கிழமை காலையில் வார்டன் நோட்டை என் கையில் திணித்தார். "எவனா இருந்தாலும் ஊதாம உள்ள விடாத." பையன்களைத்தான் சொன்னார். எனக்கும் அது தெரியும்.

கார் வந்தது. நான் கேட்டைத் திறக்கவில்லை. முதலாளி வெள்ளை வேட்டியோடு இறங்கினார்.

"என்னடா தம்பி?"

"ஊதணும் ஐயா. ரூல்."

அவருக்கு ஒரே சந்தோஷம். "இதுதாண்டா டிசிப்ளின்!" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி ஊதினார்.

கராம்பு… மூட்டைக் கராம்பு! அதற்கு அடியில் நான் தவறணை வாசலில் படித்த பாடமும் இருந்தது. அதை எழுதவில்லை. ரூலில் உள்ளதை மட்டும், நிஸாம் பேருக்குக் கீழே எழுதி, மேடைக்குக் கொடுத்தனுப்பினேன்.

நிஸாமின் வாப்பா தொப்பியோடு முன்வரிசையில் இருந்தார். வார்டன் மைக்கைப் பிடித்து, "ஒழுக்கம் கெட்டவர்களின் பெயர்களை வாசிக்கிறேன்" என்று நோட்டைத் திறந்தார். வாசிக்குமுன் அவர் கண்ணில் பட்டது இதுதான்:

'நிஸாம் – கராம்பு.'
'பிரதம அதிதி – கராம்பு.'

தொண்டையைச் செருமினார். தண்ணீர் குடித்தார். முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நோட்டை மூடினார்.

"கராம்பு… நமது மாத்தளை மண்ணின் பெருமை" என்று ஆரம்பித்தார். பத்து நிமிடம் பேசினார். முதலாளிதான் முதலில் கைதட்டினார்.

விழா முடிந்ததும் வாப்பா வார்டனிடம் வந்தார்.

"என்னய எதுக்கு வரச் சொன்னீங்க சேர்?"

"ஒங்க மகன் நல்ல பையன்னு சொல்லத்தான்."

"இதச் சொல்லவா கடையப் பூட்டிட்டு பஸ் புடிச்சு வந்தேன்?" வாப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் மரியாதைக்கு, மடியிலிருந்து ஒரு பொட்டலம் கராம்பை எடுத்து வார்டன் கையில் வைத்துவிட்டுப் போனார். மகனை விட்டுவிட்டுத்தான் போனார்.

அன்று மாலை வார்டனிடமும் கராம்பு மணத்தது. நோட்டில் எழுதவில்லை. போர்டில் அந்த நோட்டீஸும் இல்லை.

போன மாதம் பழைய மாணவர் கூட்டத்துக்கு நானும் நிஸாமும் போயிருந்தோம். இப்போது கேட்டில் யூனிஃபோர்ம் போட்ட ஆள், கையில் ஊதுகிற மெஷின். லயத்துப் பையனைத் தேடவேண்டியதில்லை, நல்லதுதான். பஸ்ஸில் வந்தவன், நடந்து வந்தவன், எல்லோரையும் ஊதச் சொன்னார்கள். நாங்களும் ஊதினோம். அப்போது கறுப்புக் கண்ணாடி போட்ட வாகனம் ஒன்று வந்தது. ஹோர்ன் கூட அடிக்கவில்லை… கேட் தானாகத் திறந்தது. மெஷின்காரன் சல்யூட் அடித்தான்.

எங்கள் காலத்தில் பிரதம அதிதியும் இறங்கி ஊதினார்.

நிஸாமுக்குப் பல்லெல்லாம் போய்விட்டது. கராம்பு மணம் மட்டும் போகவில்லை. என் காதருகே குனிந்து கேட்டான்:

"மச்சான், அந்த நோட்டு இன்னும் இருக்காடா?"