பெருக்கல் தையல்

போலி பொம்மையைக் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவேன். கண்ணுக்கு அடித்த பெயின்ட் கோணலாக இருக்கும். பெட்டியைத் திறந்தால் புதுச் செருப்பு வாசம் அடிக்கும். ஜப்பான் கார்ட்டூனான அனிமேக்கு இருக்கும் எங்கள் ரசிகர் குழுவில் அதற்காகவே எனக்கு ஒரு மரியாதை. போன டிசம்பர் விழாவில் கடைகளைச் சோதிக்கும் வேலையைக் கொடுத்தபோது தலைகால் புரியவில்லை. விதி ஒன்றுதான்: போலி என்றால் அடையாளத்தை எல்லார் முன்னாலும் காட்டவேண்டும், அந்தப் படம் உடனே வாட்ஸப்பில் போகும். சும்மா வாயால் சொல்லி ஒருவர் பிழைப்பைக் கெடுக்கக்கூடாது இல்லையா.

குழுத்தலைவனும் கூட வந்தான். மும்பை மாட்டுங்கா கல்லூரியில் என்னோடு படிக்கும் மராத்திப் பையன். நான் ஒரு அனிமே வீராங்கனை வேஷத்தில் ஃபோம் ஷீட் கவசமும் நீல விக்கும் போட்டிருந்தேன். குனிய முடியாது, வியர்வையைத் துடைக்க முடியாது.

ஒரு கடையில் தலைவன் முதுகுப்பை ஒன்றை எடுத்து நீட்டினான். படம் அச்சு அசல். லேபிள் சரி, ஜிப் சரி. வாரைத் திருப்பினேன். கம்பெனிப் பையில் அங்கே ஒரே தையல்கோடு ஓடும். இதில் கட்டம் கட்டி, உள்ளே பெருக்கல் குறி போட்டு, அதன்மேலேயே இன்னொரு தடவை ஓட்டியிருந்தது.

அந்தத் தையலைத் தினமும் பார்க்கிறேன். தாராவியில் எங்கள் வீட்டில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே கிடக்கும் மெஷினில் அம்மா போடுவது. மாமா பட்டறைக்கு வெறும் பை தைத்துக் கொடுக்கிறாள். அதில் என்ன படம் ஏறும் என்று அவளும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

"ஏட்டி, நீயா?" கடைக்குள்ளிருந்து மாமா எழுந்தார். "தலையில என்ன, நீல வைக்கோலா?"

தெரிந்தவரா என்று தலைவன் ஹிந்தியில் கேட்டான். "தமிழ்க்காரர், விசாரிக்கிறேன்" என்றேன்.

"போர்டுல ஒரிஜினல்னு போட்டிருக்கீங்களே மாமா."

"டூப்ளிகேட்னு போட்டா நீ வாங்குவியா?"

"எடுத்து உள்ள வச்சிருங்க. நான் சொல்லியாகணும்."

"சொல்லு. கடையத் தூக்கிருவான். அப்புறம் ஒங்கம்மாவுக்கு வேலை எங்கயிருந்து வரும்? யோசிச்சுச் சொல்லு."

பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண் அதே பையை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தீதி, அஸ்லி ஹை ந?" என்று என்னிடம் அசல்தானா எனக் கேட்டாள். அவள் அப்பா பர்ஸைத் திறந்துவிட்டார். பின்னால் கூட்டம் நெருக்கியது. கவசம் மேசை விளிம்பில் மாட்டிக்கொண்டது.

"நக்லி ஹை" என்றேன், போலிதான் என்று.

எப்படி என்றான் தலைவன். வாரைத் திருப்பிப் பிடித்தேன். படம் எடுத்தான். 'இந்தப் பெருக்கல் குறி இருந்தால் போலி' என்று போட்டு அனுப்பினான். சுற்றி நின்றவர்கள் தங்கள் பைகளைத் திருப்பிப் பார்த்தார்கள். மட்டமான வேலை என்றான் ஒருவன். அதைத்தான் தாங்க முடியவில்லை. அம்மா தைத்த வார் அறுந்து நான் பார்த்ததே இல்லை.

மாமா பைகளை மூட்டையாகக் கட்டினார். "கெட்டிக்காரிதான். இனிமே ஒத்தத் தையல் போதும்னு அக்காட்ட நீயே சொல்லிரு."

வீட்டில் சொன்னேன். காரணம் சொல்லவில்லை, மாமா சொன்னார் என்று மட்டும்.

"ஒத்தத் தையலா? நாலு புஸ்தகம் வச்சா பிச்சுக்கிட்டு வந்துராதா? அவனுக்கென்ன தெரியும். வெளிச்சத்த மறைக்காத, நகரு."

நகர எங்கே இடம்? கட்டில்மேல் ஏறி உட்கார்ந்தேன். அடுத்த வாரிலும் கட்டம் விழுந்தது. குறுக்கே ஒரு கோடு, மறுபடி குறுக்கே. போனில் தலைவனின் செய்தி: நாளைக்கும் வந்துவிடு, எதைத் தேடவேண்டும் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும்.