அழகமுத்துவும் பேசும் பெட்டியும்

பஸ்ஸின் விலாவில் உள்ளங்கையால் ஓங்கி இரண்டு தட்டு. அதற்குப் பிறகுதான் அழகமுத்துவின் வாய் திறக்கும். "றக்வான, றக்வான, றக்வான! நகின்ன, நகின்ன, இட தியெனவா!" ஏறுங்கள், இடம் இருக்கிறது என்று சிங்களத்தில் கூவுகிறார். எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. மிதிபலகையில் ஏற்கெனவே ஆட்கள் தொங்கிக்கொண்டிருப்பார்கள். கடைசியாக வந்தவரின் முதுகில் கைவைத்து, மூட்டைக்குள் துணியைத் திணிப்பதுபோல் உள்ளே திணித்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பார்க்கப் போய்விடுவார்.

கஹவத்தை பஸ் ஸ்டாண்டில் அவருடைய வேலைக்குப் பெயர் கிடையாது. டைம்கீப்பர் வேறு ஆள். இவர் தனியார் பஸ்களுக்கு ஆள் கூவி ஏற்றுகிறவர். ரப்பர் தோட்டத்து லயத்தின் வரிசை வீடொன்றில் பிறந்து, இளவட்டமாக இருந்தபோது பால் வெட்டி, அட்டைக் கடியும் கங்காணியின் வாயும் சேர்ந்து வெறுத்துப்போய் டவுனுக்கு வேலைக்கு இறங்கியவர். வயது ஐம்பதைத் தொடுகிறது. ஆள் கரும்புச் சக்கை. குரல் மட்டும் யாருக்கோ செய்ததைத் தவறுதலாக இவருக்குக் கொடுத்துவிட்டதுபோல் இருக்கும். தொண்டைக்காகச் சாராயப் போத்தலில் மல்லித் தண்ணீர் வைத்துக் குடிப்பார். பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பதில் மனுஷனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

டிரைவர்களுக்கு அவர் "முத்து அய்யே", முத்து அண்ணன். பயணிகளுக்கோ நடமாடும் அறிவிப்புப் பலகை. வருகிறவரின் கையைப் பார்த்தே சொல்லிவிடுவார். எக்ஸ்ரே உறை என்றால் இரத்தினபுரி ஆஸ்பத்திரி, கோழிக்கூண்டு என்றால் கொடகவெல சந்தை, கையில் ஒன்றுமில்லாமல் தலை மட்டும் படிய வாரியிருந்தால் பெண் பார்க்கப் போகிறவர். கேட்குமுன்னே பதில் சொல்லிவிட வேண்டும். யாராவது போர்டை வாசித்துத் தானாகவே சரியான பஸ்ஸில் ஏறிவிட்டால் அன்றைக்கு அவருக்கு முகம் ஒரு சுற்றுச் சிறுத்துவிடும்.

சிங்களத்தில் அப்படி முழங்குகிற குரல், தமிழ் பேச வேண்டி வந்தால் அடங்கிவிடும். தோட்டத்து ஆட்களைக் கண்டால் பக்கத்தில் போய், பல்லிடுக்கில் ஏதோ சிக்கியதைப்போல் வாயைக் கோணி, "அந்தா, பச்ச பஸ்சு, போங்க போங்க" என்பார். இது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பஸ்களில் குண்டு வெடித்த செய்தி வந்துகொண்டிருந்த காலம். கேட்பாரில்லாத பையைக் கண்டால் அறிவியுங்கள் என்று சீட்டுக்குச் சீட்டு ஒட்டியிருந்தது. ஸ்டாண்டு முகப்பில் எந்நேரமும் ஒரு பொலிஸ்காரர். தமிழில் பேசாதே என்று அழகமுத்துவிடம் ஒருவரும் சொன்னதில்லை. அவர் தமிழர் என்பது டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருப்பது வேறு, காதில் விழுவது வேறு என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டுவைத்திருந்தார்.

அந்த வருடம் சித்திரைப் புதுவருஷம் கழிந்த கையோடுதான் பெட்டி வந்து இறங்கியது. அலுமாரி உயரம், நீல வர்ணம், முகத்தில் கண்ணாடி. பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்து ஸ்டாண்டின் நடுத்தூணில் சாய்த்துப் பூட்டினார்கள். மூன்று மொழிக்கும் மூன்று கட்டம். விரல் வைத்தால் பஸ் நேரம், கிளினிக் நாள், அரசாங்கக் கச்சேரியில் எந்தக் காகிதத்துக்கு எந்த ஜன்னல் என்று எல்லாம் எழுத்தில் காட்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக வாயாலும் சொல்லும். ஊரில் இப்படி ஒன்றை வைத்தால் சனங்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது ஆராய்ச்சி. பார்ப்பதற்காக றம்ஸியா என்ற மாணவியை எதிரே நுஹ்மான் நானாவின் தேத்தண்ணிக் கடையில் உட்காரவைத்திருந்தார்கள். அவள் யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, தொடச் சொல்லக் கூடாது, எதையும் மாற்றக் கூடாது.

"சும்மா பாத்துட்டீக்கிறதுக்கா கெம்பஸ்ல படிக்கிற?" என்று நுஹ்மான் நானா பிளேன்டீயை வைத்துக்கொண்டே கேட்டார்.

"அது லேசில்ல நானா. வாய மூடிட்டுப் பாக்கிறது பெரிய கஷ்டம்" என்றாள் றம்ஸியா.

முதல் சில நாட்கள் பார்ப்பதற்கே ஒன்றுமில்லை. சனங்கள் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அதிர்ஷ்டலாபச் சீட்டு விளம்பரம் என்று சிலர் நினைத்தார்கள். ஒருவர் நனைந்த குடையை அதன் மூலையில் மாட்டிவிட்டு வெற்றிலை போட்டார். ஒரு தாய், மகன் நீட்டிய கையைத் தட்டிவிட்டு "ஷாக் அடிக்கும்" என்றாள். கண்ணாடியைப் பார்த்துத் தலைவாரியவர்கள் மட்டும் கொஞ்சநேரம் நின்றார்கள்.

அழகமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "காலி பஸ்சுல எவன் ஏறுவான் மிஸ்? மொதல்ல நம்ம ஆளு ரெண்டு பேர ஏத்தி ஒக்கார வைக்கணும்" என்று றம்ஸியாவிடம் சொல்லிவிட்டு, தானே போய்ப் பெட்டிமுன் நின்று சிங்களக் கட்டத்தை அமுக்கினார். "ஆயுபோவன்!" என்று அது கணீரென்று வணக்கம் சொன்னது. அவர் பின்வாங்கிக் கும்பிட்டார். ஸ்டாண்டே சிரித்தது. சிரித்தவர்கள் வந்து சூழ்ந்தார்கள். ஒருவர் தொட, அவர் தோளுக்கு மேலால் இன்னொருவர் எட்டிப் பார்க்க, மூன்றாமவர் "அதில்ல, இத அமுக்கு" என்று வாத்தியாராக, பெட்டிக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது.

அந்தக் கிழமைதான் அழகம்மா வந்தாள். அழகமுத்துவின் லயத்திலேயே நாலு காம்பரா தள்ளி இருக்கிறவள். றக்வானையில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் புறப்பட்டவள், பெட்டியில் தமிழெழுத்தைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக ஓடிப்போய் விரலை வைத்தாள். "வணக்கம்! உங்கள் பயணம் இனிதாக அமையட்டும்!" என்று பெட்டி, கோயில் லவுட்ஸ்பீக்கர் மாதிரி, ஸ்டாண்டு முழுக்க முழங்கியது. பேச்சுகள் நின்றன. தலைகள் திரும்பின. பொலிஸ்காரரும் திரும்பி அவளுடைய பையைப் பார்த்தார். அவ்வளவுதான். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழகம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டாள். றக்வானை பஸ் அவள் இல்லாமலே போயிற்று.

அன்று முதல் அழகமுத்து பெட்டிக்கும் காவல்காரரானார். தோட்டத்து ஆள் யாராவது கிட்டப் போனால் பாய்ந்து போய், "அத தொடாதீங்க, நான் பாத்துச் சொல்றேன்" என்று சிங்களக் கட்டத்தை அமுக்கி, வாசித்து, காதோடு தமிழில் சொல்லி அனுப்புவார். ஐயோ பாவம் என்று செய்த உபகாரம்தான். அதோடு, கேட்க ஆள் இருக்கிற சுகமும் கொஞ்சம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் அவர் மனைவி விஜயகலாவின் காதுக்குப் போகாமல் இருக்குமா? விஜயகலா இன்னும் பால் வெட்டுகிறவள். சீனி வருத்தக்காரி. நீரிழிவால் காலில் ஒரு புண் ஆறாமல் கிடக்கிறது. மாதாமாதம் இரத்தினபுரிக்குக் கிளினிக் போக வேண்டும். தமிழ் நன்றாக வாசிப்பாள், சிங்கள எழுத்து ஒன்றும் பிடிபடாது. முன்னொருமுறை அவரிடம் கேட்காமல் தனியே போய், போர்டு விளங்காமல் பஸ் மாறி ஏறி, எம்பிலிப்பிட்டியவில் போய் இறங்கிவிட்டாள். அந்தக் கதையை அழகமுத்து நடித்துக் காட்டாத கடை கஹவத்தையில் கிடையாது. அதிலிருந்து அவள் தனியே போவதில்லை. அவருக்கு ஒழிகிற நாளில் கிளினிக் இருக்காது. கிளினிக் நாளில் அவருக்கு ஒழியாது. இரண்டு மாதம் தவறிவிட்டது. புண்ணும் கணுக்காலுக்கு மேலே ஏறத் தொடங்கியிருந்தது.

"அந்தப் பெட்டில தமிழ் இருக்காமே. அழகம்மா சொன்னா. போன ஞாயித்துக்கெழம நான் டவுனுக்கு வந்தப்ப எனக்கு ஏங்க காட்டல?"

"அது சத்தம் போடுது கலா. ஊரே திரும்பிப் பாக்குது."

"நீங்க அந்த ஸ்டாண்டுல போடாத சத்தமா? எனக்கு ஒருத்தர்கிட்டயும் கேக்காம, நானா வாசிச்சு, நானா போயிட்டு வரணும். ஒரு தடவயாச்சும். நான் என்னா கண்ணு தெரியாதவளா?"

அழகமுத்து சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே கழுவப் போனார். 

மறுநாள் றம்ஸியா அவரைக் கடைக்குள் கூப்பிட்டாள். "அங்கிள், ஒரு விஷயம். வெள்ளிக்கிழம எங்கட கெம்பஸ் சேர் வாராரு. தமிழ ஒருத்தரும் தொடுறாங்க இல்ல, இங்க தமிழ் தேவையில்ல போலன்னு அவர் சொல்றாரு. தமிழ எடுத்திட்டு அந்த எடத்துல மாணிக்கக்கல் கடை விளம்பரம் போடப் போறாங்க."

"தொடுறாங்க இல்லன்னா... ஆளுங்க வாறாங்களே மிஸ்?"

"வாறாங்க. நீங்க சிங்களத்த அமுக்கி விடுறீங்க. நான் பாத்துட்டுத்தானே ஈக்கிறன். பெட்டிக்கு அதெல்லாம் சிங்கள ஆக்கள்."

அழகமுத்துவுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் ஊருக்கு உபகாரம் என்று நினைத்து அமுக்கிய தன் விரல், தன் வீட்டுக்காரியின் எழுத்தைத்தான் அழித்துக்கொண்டிருந்திருக்கிறது. "சத்தத்தக் கொறைக்க ஏலாதா மிஸ்?" என்று கேட்டார்.

"எனக்கு மாத்த ஏலா. சாவி சேர்ட கையில. ஏன் தொடுறாங்க இல்லன்னு எழுதிக் குடுத்தன். சத்தத்துக்கு ஆரும் பயப்பிடுவாங்களான்னு கேக்கிறாரு." அவள் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். பிறகு மெதுவாக, "அவருக்கு எப்படி அங்கிள் விளங்கும்? பஸ்ஸுல போறப்ப உம்மா போனுல கோல் எடுத்தா நானே கட் பண்ணிடுவன். வீட்டுக்குப் போய்த்தான் பேசுவன்" என்றாள். தமிழைத் தொடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது அவளுக்கு உத்தரவு.

வெள்ளிக்கிழமை கிளினிக் நாள். விடிந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கந்தோர் உத்தியோகத்தர்களுமாக ஸ்டாண்டு நிரம்பி வழிகிற நேரத்தில் விஜயகலா வந்தாள். விசேஷத்துக்குக் கட்டும் சேலை. கையில் கிளினிக் கார்டு. கடைக்குள் றம்ஸியாவுக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட கெம்பஸ் சேர் உட்கார்ந்திருந்தார். விஜயகலா புருஷனிடம் எதுவும் கேட்கவில்லை. காலை இழுத்து இழுத்து நேரே பெட்டிக்குப் போய், தமிழ்க் கட்டத்தில் விரலை வைத்தாள்.

பெட்டி பேசவில்லை. மறுபடியும் வைத்தாள். வருஷக்கணக்காக ரப்பர் பால் படிந்து காய்ந்து தோலாகவே ஆகிப்போன விரல். கண்ணாடிக்கு அது விரலென்றே தெரியவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு இன்னொருமுறை அமுக்கினாள். பின்னால் நின்ற பெண் உச்சுக் கொட்டினாள். இரண்டொருவர் சிரித்தார்கள். 

"ஏங்க" என்றாள், திரும்பாமலே.

அழகமுத்து வந்தார். அவருடைய விரல் பழக்கத்தில் சிங்களக் கட்டத்துக்குத்தான் போயிற்று. கண்ணாடிக்கு ஒரு நகக்கண் தூரத்தில் நின்றது. முகப்பில் பொலிஸ்காரர் யாருடைய பையையோ திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.  அழகமுத்துவுக்குப் பயம்தான், வேறென்ன? விரலைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தி அமுக்கினார்.

"வணக்கம்! உங்கள் பயணம் இனிதாக அமையட்டும்!"

பேச்சுகள் நின்றன. தலைகள் திரும்பின. பொலிஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். இரத்தினபுரி பஸ்ஸின் டிரைவர் ஜன்னலால் தலையை நீட்டி, "முத்து அய்யே, யமுத?" என்று, புறப்படுவோமா என்று கேட்டு, ஹோர்ன் அடித்தார். விஜயகலா எதற்கும் அசையவில்லை. உதடுகள் அசைய, எழுத்துக்கூட்டி அல்ல, வரிவரியாக வாசித்துக்கொண்டிருந்தாள். வைத்தியசாலை. மருத்துவ நிலையம். வெள்ளி.

எந்தப் பஸ், எத்தனை மணி, எந்த வாசல் என்று எல்லாமே அழகமுத்துவின் நாக்கு நுனியில் நின்றது. ஹோர்ன் மறுபடியும் அடித்தது. அவர் பஸ்ஸைத் திரும்பிப் பார்க்காமல், ஒரு கையால் பொறு என்று காட்டிவிட்டு, மற்றக் கையின் விரலைக் கண்ணாடிமேல் நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற தன் கூவுகிற குரலில் பெண்சாதியைக் கேட்டார்:

"சொல்லு கலா, அடுத்தது எங்க தொடணும்?"