'பூட்ட' கல்யாணமும் லத்தீன் மரியதாசும்

பால்காரி நாகம்மாள்தான் சொன்னாள். "லத்தீன்காரரு விடியக்காலைல பூட்டாரும்மா. நெஞ்சு வலின்னு படுத்தாராம், அவ்ளோதான்." பாலை வாங்கி அடுப்பில் வைத்தேன். அழுகை வரவில்லை. கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் மரியதாசை அறிந்த மயிலாப்பூர்க்காரர்கள் இதற்காக என்னைக் கோபிக்க மாட்டீர்கள். உங்களில் பாதிப் பேருக்கும் வந்திருக்காது.

அவர் நாக்கு அப்படி. சாமியாராகப் படிக்கப் போன குருமடத்தைப் பாதியில் விட்டவர், லத்தீனை மட்டும் கையோடு கொண்டு வந்துவிட்டார். எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் இறந்தபோது, 'அமரர்' என்று அச்சடித்த தாளை அவருடைய மகன் இவரிடம் நீட்டினார். "அமரர்னா சாகாதவர். அப்ப பெட்டியில படுத்திருக்கிறது யாரு?" என்றார் மரியதாஸ். அந்த மனிதர் விக்கி விக்கி அழுதார். "அழு, ஆனா சரியா எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் ஆசைப்படியே அந்தச் சொல்லை நான் இங்கே போடவில்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். என் கணவர் ஞானப்பிரகாசம் ரங்கூனில் வேலையாய் இருந்தபோது குண்டு விழுந்தது. நடந்தே ஊர் திரும்பிய ஒருவர், அவர் வழியில் பேதி கண்டு செத்ததைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்தார். பங்குச் சாமியாரும் நம்பினார். லூர்துவை மணந்தேன். செலின் பிறந்தாள். நானும் மனுஷியாய் வாழ்ந்தேன் என்றால் அந்த வருஷங்கள்தான். யுத்தம் முடிந்து ஞானப்பிரகாசம் உயிரோடு வாசலில் வந்து நின்றார்.

பிஷப் மேற்றிராணியார் அலுவலகத்திலிருந்து தீர்ப்பு வந்தது. என் இரண்டாம் கல்யாணம் 'பியூட்டடிவ்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. கோயில் உபதேசியார் அதைப் 'பூட்டடிவ்' என்று வாசித்தார். எங்கள் தெருப் பேச்சில் 'பூட்ட' என்றால் 'போய்விட்ட'; போதாதா? மறுநாள் குழாயடியில் ஒருத்தி, "இன்னாம்மா, உன்னிது பூட்ட கல்யாணமாமே? அப்ப அந்தப் புள்ள இன்னா கணக்கு?" என்றாள். குடத்தை அவள் தலையில் போடாமல் வந்தது என் பெருந்தன்மை.

பொருள் சொல்ல மரியதாசைச் சாமியார் வரவழைத்தார். நானும் லூர்துவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "உண்மைன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்ட கல்யாணம். மனசுல கள்ளமில்ல, அதனால பாவமில்ல. ஆனா செல்லாது. பிள்ளை மட்டும் முறையான பிள்ளை" என்றார்.

லூர்து தாழ்ந்த குரலில், "வேற அர்த்தம் ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார்.

"இருக்கு. மூலச் சொல்லுக்கு முதல் அர்த்தம், திராட்சைக் கொடியில கிளையைக் கழிக்கிறது. வேண்டாததைக் கழிச்சுக் கழிச்சுப் பார்க்கிறதுதான் பிற்பாடு 'நினைக்கிறது'ன்னு ஆச்சு. உனக்கு முதல் அர்த்தமும் பொருந்தும்."

பாவி மனுஷன். லூர்து அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தீர்ப்புப்படி நான் மறுபடி ஞானப்பிரகாசத்தோடு குடும்பம் நடத்தினேன்; விவரம் தெரியாத செலின் அவரையே அப்பா என்று அழைத்து வளர்ந்தாள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே வாரம் மரியதாஸ் குழாயடிக்குப் போனார். "சூசையப்பர் யேசுவுக்கு அப்பான்னு ஊரார் நினைச்சாங்க. லத்தீன்ல அவருக்கும் இதே சொல்தான். அவரையும் பூட்ட அப்பாம்பீங்களா? பிள்ளையைப் பத்தி இனி எவளாவது வாயைத் திறந்தா, அவவ கல்யாணத்துக்கும் நான் அர்த்தம் சொல்லுவேன்" என்றாராம். அதோடு தெரு அடங்கியது. என் மகள் தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போகிறாள் என்றால் அது அவர் வாயால் வந்தது. அதற்காக அவரை மன்னித்தேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

அடக்கத்துக்குப் போனோம். கல்லறைத் தோட்டத்து மதிலோரம் லூர்து நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது. கிட்டே வரவில்லை.

"அந்த மாமா ஏம்மா என்னையே பார்க்கிறாரு?" என்றாள் செலின்.

யாரோ என்று சொல்லிவிடலாம். மரியதாசின் குழிக்கு மண் போட்ட கை இன்னும் ஈரமாயிருந்தது. மழுப்ப வாய் வரவில்லை. "அது மாமா இல்லடி. உன் அப்பா" என்றேன்.

அவள் திரும்பி, என் பக்கத்தில் நின்ற ஞானப்பிரகாசத்தை அண்ணாந்து பார்த்தாள். "அப்ப இவரு?"

பர்மாவிலிருந்து எனக்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்த மனிதர். அவர் காதில் விழும்படியே சொன்னேன்: "இவரை அப்பான்னு நினைச்சுக்கோ."

மரியதாசிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த நாக்கைத்தான்.