மறந்துட்டேன், நினைவில்லை

நீதிமன்றத்தில் அவரை எல்லோரும் துபாஷி என்றே கூப்பிடுவார்கள். சாட்சிகள் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வதும், வக்கீலின் கேள்வியை ஆங்கிலமாக்குவதும் அவர் வேலை. சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றே தலை நரைத்துவிட்டது. "வீட்டுலயாவது சொந்தமா ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்று மனைவி கிண்டல் செய்வாள்.

அன்று குளிர்பதனக் கிடங்கு வழக்கு. உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்ததால் கதவைத் திறக்க முடியாமல் ஒரு தொழிலாளி உள்ளேயே விறைத்துச் செத்துப்போயிருந்தார். அவர் மனைவி முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சாட்சி, கிடங்கின் மேற்பார்வையாளரான வெளிநாட்டுக் கிழவர்.

"கைப்பிடி உடைஞ்சிருக்குன்னு இறந்தவர் உங்ககிட்ட சொன்னாரா?" என்று அவள் தரப்பு வக்கீல் கேட்டார்.

கிழவர் ஜன்னலைப் பார்த்தபடி, "ஐ டிஸ்ரிமெம்பர்" என்றார்.

துபாஷி ஒரு கணம் தடுமாறினார். எப்போதோ புத்தகத்தில் பார்த்த சொல், காதால் கேட்டதில்லை.

"மறந்துட்டேன்னு சொல்றாருங்க" என்றார்.

பெஞ்சிலிருந்தவள் நிமிர்ந்தாள். கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார்.

"மறந்துட்டேன்னா, இறந்தவர் சொன்னதா ஆயிடும். மொழிபெயர்ப்பு தப்புங்க ஐயா."

நீதிபதி அகராதியைக் கொண்டுவரச் சொன்னார். அதில் ஒரே வரிதான் இருந்தது: மறத்தல், நினைவுக்கு வராதிருத்தல், அரிய சொல்வழக்கு. மறப்பதென்றால் முதலில் ஒன்று நடந்திருக்க வேண்டும். நினைவில்லை என்பதற்கு அந்தக் கட்டாயமில்லை. எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று சாட்சியையே கேட்கச் சொன்னார் நீதிபதி. அதற்குள் கிழவர் சுதாரித்துக்கொண்டிருந்தார். தன் ஊர்ப்பக்கம் இப்படித்தான் பேசுவார்கள் என்றும், அப்படி யாரும் சொன்னதாகவே தனக்கு நினைவில்லை என்றும் நிதானமாகச் சொன்னார். அதுதான் பதிவானது.

வராந்தாவில் அவள் துபாஷியை வழிமறித்தாள்.

"ஐயா, முதல்ல நீங்க சொன்னதுதானே நிஜம்?"

"அந்த வார்த்தை ரெண்டுக்கும் பொருந்தும்மா. அவர் மனசுல எது இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல."

"எங்க வீட்டுக்காரர் சொல்லியிருப்பாருங்க. குழாய் சொட்டுனாக்கூட நாலு பேருகிட்ட சொல்ற ஆளு."

அவர் வாயைத் திறந்தார். மொழிபெயர்க்க யாருடைய பேச்சும் இல்லை.

விபத்து என்று தீர்ப்பாயிற்று. கம்பெனி மேல் குற்றமில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தார். அந்தக் கிடங்கின் நீலச் சட்டையைப் போட்டிருந்தாள்.

"அங்கயே வேலை குடுத்தாங்கய்யா. பெட்டி ஒட்டுறது. பிள்ளைங்க இருக்குதுங்களே, என்ன பண்றது?" என்றாள், அவர் கேட்காமலே. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் போன மறுவாரமே கைப்பிடிய மாத்திட்டாங்களாம்" என்றாள்.

அவளுடைய பஸ் வந்தது. முண்டியடித்து ஏறி, படியிலேயே நின்றுகொண்டாள். துபாஷி தன் பஸ்ஸையும், அதற்கடுத்ததையும் விட்டுவிட்டார்.