ரேடியோ சத்தம் நல்லாத்தான் இருக்கு

கெட்டுப்போன ரேடியோவை ஓட வைப்பவனுக்கு ஒரு மடங்கு ஏச்சு என்றால், ஓடுகிற ரேடியோவை இன்னும் இனிமையாகப் பாட வைக்கிறேன் என்று இறங்குகிறவனுக்கு இரண்டு மடங்கு. பழுது பார்த்துப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் என் கடைக்கு இன்றைக்கும் கைரேடியோக்கள் வருகின்றன. நானும் ஸ்பீக்கரை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.

காற்றுச் செய்தி

புன்னக்காயல் சேவியர் கடலுக்குக் கொண்டுபோகும் ரேடியோ கீச்சுக் கீச்சென்று கத்தும். "காது கூசுது, கொஞ்சம் இதமாக்குங்க" என்றார். பெரிய ஸ்பீக்கர் போட்டு, கூர்மையைக் குறைத்துக் கொடுத்தேன். கடையில் வைத்துக் கேட்டபோது எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த மாதம் வாடிய முகத்தோடு வந்தார். அந்தக் கீச்சுக் குரல்தான் எஞ்சின் இரைச்சலைத் தாண்டி அவர் காதுக்குப் போயிருக்கிறது. நான் இதமாக்கிய குரல் எஞ்சினுக்கு அடியில் அமுங்கிவிட்டது. காற்று கிளம்பியபோது வலையை அறுத்துவிட்டுத்தான் கரை சேர்ந்திருக்கிறார். பழைய ஸ்பீக்கரை எடுத்து மாட்டினேன். அவர் கோபப்படவில்லை.

"பாட்டெல்லாம் அருமையாக் கேட்டுச்சு அண்ணாச்சி. காத்து வருதுன்னு சொன்னதுதான் கேக்கல."

உள்ளே வேறு ஆள்

மேலப்பாளையம் காசிம் சவூதியிலிருந்து வாப்பாவுக்கு விலைகூடிய ரேடியோ ஒன்று கொண்டுவந்தார். வாப்பா அதை அட்டைப்பெட்டியை விட்டே எடுக்காமல் தன் பழைய ரேடியோவையே கேட்டுக்கொண்டிருந்தார். லீவு முடியப்போகிற நேரத்தில் காசிம் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து, புதியதன் உள்பாகங்களைப் பழைய கூட்டுக்குள் வைத்துத் தரச் சொன்னார். சிரமப்பட்டுப் பொருத்தினேன். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியாது.

மகன் விமானம் ஏறிய பிறகு வாப்பாவே கடைக்கு வந்தார். ரேடியோவை மேசைமேல் வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"நல்லாக் கேக்குன்னு பயகிட்ட போன்ல சொல்லிட்டேன், நீரும் அப்படியே சொல்லும் வே. ஆனா இது என் ரேடியோ இல்ல."

கரகரப்பு

விக்கிரமசிங்கபுரத்து சுடலைமுத்து ஐயா வேலைக்காலம் முழுவதும் நூல் மில்லில், இயந்திர இரைச்சலுக்கு நடுவே நின்றவர். ரேடியோவில் பேச்சு விளங்கவில்லை, ஒரே கரகரப்பு என்று கொண்டுவந்தார். கண்டென்சர் மாற்றினேன். மறுபடி வந்தார். ஸ்பீக்கர் மாற்றினேன். மறுபடியும் பஸ் ஏறி வந்தார். கோளாறு எங்கே என்று அதற்குள் எனக்குப் பிடிபட்டுவிட்டது. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"இன்னுங் கொஞ்சம் கூட்டி வையும்" என்றார். கூட்டினேன். "இன்னும்" என்றார். முழுக்கத் திருகினேன். எதிர்த்த டீக்கடையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். ஐயா அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரே கைநீட்டி ரேடியோவைப் பைய அணைத்தார், துண்டால் துடைத்தார்.

"பாவம், இத்தன நாளும் இதையில்லா ஏசிக்கிட்டுக் கெடந்தேன்."

ரேடியோவுக்கு எந்த உதிரிபாகம் கேட்டாலும் ஜங்ஷனில் அலைந்தாவது வாங்கிவிடுகிறேன், கேட்கிற மனுஷருக்கு மாற்றிப் போடத்தான் இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.