ஒற்றைக் குழலா, இரட்டைக் குழலா?

தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் ஒரு ஷெட் வெடித்த நாளிலிருந்து என் கைகள் நடுங்கின. தப்பிப் பிழைத்த என் கணவர் மறுபடியும் அங்கேயே வேலைக்குப் போனார். எங்கள் வீட்டு மாடியிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருக்க, தூரக்கண்ணாடி வாங்க விருதுநகர் போனேன்.

பழைய ராணுவச் சாமான் விற்ற கடைக்காரர், நான் கேட்ட, ஒரு கண்ணால் பார்க்கும் ஒற்றைக் குழலை ஒதுக்கிவிட்டு இரட்டைக் குழலை நீட்டினார்.

"ஒத்தைக் குழலு ஆடும் தாயி. இதுன்னா ரெண்டு கையாலயும் பிடிச்சு, நெத்தியில அணைச்சுக்கிடலாம்."

விலை கூடியதைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். முந்தானைக்குள் மறைத்த கைகளை எப்போது கவனித்தார்?

"ஒத்தையே போதும்."

அவர் ஒற்றைக் குழலைக் காகிதத்தில் சுற்றினார். நூலில் முடிச்சு விழவில்லை. அவர் விரல்களும் நடுங்கின.

"முன்னாடி நானும் ஒத்தைதான் வச்சிருந்தேன், தாயி."

இரட்டைக் குழலை வாங்கிக்கொண்டேன். முடிச்சை இருவரும் சேர்ந்துதான் போட்டோம்.

இப்போதும் யாரையும் சட்டென்று நம்பமாட்டேன். ஆனால் சந்தேகப்படும் முன் அவர்கள் கைகளை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.